பச்சைக் கட்டமும் பதினேழு சுற்றும்

புதிதாகச் சேர்ந்த கிராம நர்ஸுகளே, உங்களுக்குப் பை கொடுத்திருப்பார்கள், அடையாள அட்டை கொடுத்திருப்பார்கள், பிரஷர் பார்க்கும் கருவி கொடுத்திருப்பார்கள். பயத்தை மட்டும் துறையில் கொடுப்பதில்லை. அதை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். நான் தாராளமாகக் கொண்டுபோனேன். இருபத்தெட்டு வருஷம் செலவழித்தும், விருப்ப ஓய்வு வாங்கின அன்று பையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கோபம் வரும், எனக்கு விக்கல். மேலதிகாரி வந்த நாள்களில் நான் விக்கிய விக்கலை வைத்தே அவர் எந்த அளவு பெரிய அதிகாரி என்று ஊழியர்கள் கணக்கிடுவார்கள். ஒரு தடவை திடீர் ஆய்வு என்றதும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, என் தலைக்கவசத்தைக் காணோம் என்று ஆபீஸ் முழுக்கத் தேடினேன். கூட நாலு பேரும் தேடினார்கள். அவர்களுக்கும் பயம்தான் போல.

என் கடைசிப் பதவி வட்டார சுகாதார மேற்பார்வையாளர். பெயர் நீளம், நாற்காலி குட்டை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு பேரேடு எழுதும். கிராம நர்ஸ் ஒரு பேரேடு எழுதுவார். தாலுகா ஆஸ்பத்திரி தன் பங்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அதனதன் வாசலோடு முடிந்துவிடும். மனுஷர்கள் அப்படி முடிவதில்லையே. காலையில் குருவிகுளம் பக்கம் இருப்பார்கள், மத்தியானம் சங்கரன்கோவிலில் இறங்குவார்கள், சாயங்காலம் புளியங்குடியில் யார் வீட்டிலாவது காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை பேரேட்டையும் சேர்த்து, எங்கள் வட்டாரத்து ஜனங்கள் மொத்தமாக நன்றாக இருக்கிறார்களா என்று ஒரே தாளில் காட்டுவது என் வேலை.

அதற்காக ஒரு வரைபடம் போட்டேன். வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு கட்டம். பார்க்க வேண்டியவள் சிவப்பு, தேதி தள்ளிப்போனவள் மஞ்சள், பார்த்து முடித்தவள் பச்சை. சுவரில் ஒட்டினதும் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் எத்தனை ஓடினாலும் சில கட்டங்கள் மஞ்சளாகவே நின்றன. யார் என்று பார்த்தால், வளைகாப்பு முடிந்து தாய் வீடு போனவர்கள்.

இது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில். கைநிறைய வளையலோடு பெண் வண்டி ஏறியதும் புருஷன் ஊர் நர்ஸ் பேரேட்டில் 'தாய் வீடு' என்று எழுதுவார். ஒரு மாற்றுச் சீட்டும் எழுதுவார். வட்டாரம் தாண்டிப் போகிற சீட்டு என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். தாய் வீட்டு ஊர் நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு அவளைத் தன் பேரேட்டில் ஏற்ற வேண்டும். இடையில் ஐந்து நாளோ பத்து நாளோ அந்தப் பெண் எந்தப் பேரேட்டிலும் இல்லாமல் ஆகாயத்தில் நிற்பாள்.

நான் யோசித்தேன். அவள் இப்போது நம் ஊரில் இல்லை. நம் ஊரில் இல்லாதவள் நம் பொறுப்பில்லை. நம் பொறுப்பில்லாதது முடிந்த வேலை. முடிந்த வேலை பச்சை. எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரே மத்தியானத்தில் அத்தனை மஞ்சளும் பச்சையாயிற்று. மாதக் கூட்டத்தில் மேலே இருந்து வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெல் நடவு முடிந்த வயல் மாதிரி இருக்கு என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு விக்கல் கூட வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தர் எழுந்து கேள்வி கேட்டார். குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர் ஒன்றின் கிராம நர்ஸ். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கொண்டையில் பேனாவைச் சொருகிக்கொண்டு, தேவைப்படும்போது பூ எடுப்பது மாதிரி எடுத்து எழுதுவார். பேச்சு குறைவு. அவர் கேட்டது இதுதான்.

"சார், தாய் வீடு போனா பச்சைன்னு போட்டாச்சு. தாய் வீட்டுல போய் இறங்குனாளான்னு யாரு பாக்கா?"

நான் ஒரு பகடி விட்டேன். "பெத்த அம்மா பாக்க மாட்டாளா, நாம வேற டார்ச் அடிச்சுப் பாக்கணுமா?" என்றேன். அறையே சிரித்தது. நர்ஸம்மா பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் விட்ட பகடிகளில் எதையாவது திரும்ப விழுங்க முடியுமென்றால் அந்த ஒன்றைத்தான் விழுங்குவேன். ஒரு கேள்வியைப் பதில் சொல்லி முடிக்கலாம், சிரிக்கவைத்தும் முடிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் கைவந்த கலை.

அடுத்த மாதம் ஆடி. செங்கோட்டைப் பக்கமிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊர்களுக்கு வருகையில் சாரலை அங்கேயே இறக்கிவிட்டு, வெறும் கையோடு வரும். ஆனால் கை சும்மா இருக்காது. கொடியில் காயும் வேட்டியைப் பறக்கவிடும், பேச்சைப் பாதியில் தூக்கிக்கொண்டு போகும். அந்த மாதத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸில் உட்கார்ந்தால், கண் திறந்திருக்கும்போதே கனவு காணலாம். அப்படி ஒரு மத்தியானத்தில் நர்ஸம்மா வந்து நின்றார்.

தன் ஊரில் கோமதி என்று ஒரு பெண் இருக்கிறாள், தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம் என்றார். புருஷன் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறான். வளைகாப்புக்கு முந்தின நாள் பார்த்தபோது பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது, காலில் லேசாக வீக்கம். மூன்றாம் நாள் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சீட்டிலும் எழுதியிருந்தாராம். ஆடி பிறக்குமுன் முடிக்க வேண்டும் என்று ஆனிக் கடைசியில் அவசரமாக வளைகாப்பு நடத்தி, புளியங்குடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

"புளியங்குடி நர்ஸுக்குச் சீட்டு போச்சா சார்? பதினோரு நாளாச்சு, அவங்க எனக்கு ஒண்ணும் சொல்லல."

"போயிருக்கும்" என்றேன். இந்த வார்த்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் இதைவிட மோசமான வார்த்தை இல்லை.

அப்போது காற்று வந்தது. மேலே அனுப்ப நகல் எடுத்து மேஜையில் விரித்து வைத்திருந்த என் வரைபடம், பச்சை வயல், அப்படியே மெத்தென்று எழும்பி, அறையின் நடுவில் ஒரு நொடி மிதந்து, அலமாரி மேல் போய் உட்கார்ந்தது. அது கிடந்த இடத்தில், அதற்கு அடியில், ஒரு சீட்டு இருந்தது. கோமதியின் சீட்டு. சீட்டின் மேல் பேப்பர்வெயிட் கூட வைத்திருந்தேன். அவ்வளவு பத்திரம்.

விக்கல் அங்கேயே ஆரம்பித்தது.

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் போனை எடுத்துப் புளியங்குடி நர்ஸைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் உடனே கிளம்பிப்போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். வீடு பூட்டியிருக்கிறது, கோமதியின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு தபசுத் திருவிழாவுக்கு சங்கரன்கோவில் போய் மூன்று நாளாகிறது, எந்த உறவுக்காரர் வீடு என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை. கோமதியின் போன் அணைந்திருந்தது. அம்மாவிடம் போனே கிடையாது.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. சீட்டில் இருந்த இன்னொரு நம்பர் புருஷனுடையது. வளைகுடாவுக்குப் போட்டேன். "தம்பி, சுகாதார ஆபீஸிலிருந்து பேசுதேன்" என்பதற்குள் ஒரு விக்கல். "கோமதி" என்றேன், இன்னொரு விக்கல். அந்தப் பக்கம் ஒரு பெரிய லாரி பிரேக் போட்டு நிற்கிற சத்தம் கேட்டது. அவன் நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டான். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவன் கேட்கக் கேட்க எனக்கு விக்கல் கூடிற்றே தவிர வார்த்தை வரவில்லை. நர்ஸம்மா போனைப் பிடுங்கி, ஒன்றும் ஆகவில்லை, பிரஷர் பார்க்கத்தான் தேடுகிறோம், கண்டதும் கூப்பிடுவோம் என்று சொல்லி வைத்தார். பிறகு ஒரு செம்பு தண்ணீரை என் முன்னால் நகர்த்தினார். முதலில் தண்ணீர், அப்புறம் போன். இந்த வரிசையை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

மாமியாரிடம் கேட்டால் உறவுக்காரர் வீடு தெரியும் என்று அவரையும் கூப்பிட்டோம். அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்ல மனமில்லை. வளைகாப்பு அன்று சம்பந்தி எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தாராம். எலுமிச்சைச் சந்தை உள்ள ஊர்க்காரி கொண்டுவந்த சாதம் கசக்கிறது என்று இவர் பந்தியில் வைத்துச் சொன்னாராம். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "அவ மகள அவ பாத்துக்கிடுவா" என்று வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், கூட்டத்தில் நான் சொன்ன அதே பதில்.

நான் போலீஸைக் கூப்பிடலாமா, கோவில் ஒலிபெருக்கியில் சொல்லலாமா, ஊரிலுள்ள எல்லா நர்ஸுகளையும் இறக்கலாமா என்று விக்கலுக்கு ஒரு யோசனையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வளைகாப்பு வீட்டில் நடந்ததை நினைவுக்குக் கொண்டுவருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. வீக்கத்தைப் பார்த்துவிட்டு கோமதியின் அம்மா ஒன்று கேட்டிருக்கிறார். அம்பாள் ஒற்றைக்காலில் தபசு நிற்கிறாள், ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் கால்வலியை அவள் வாங்கிக்கொள்வாள் என்கிறார்களே, மகள் கால் வீக்கத்துக்கு நான் நூற்றெட்டுச் சுற்றட்டுமா என்று. நர்ஸம்மா, சுற்றுங்கள், ஆனால் பிரஷரும் பாருங்கள் என்றிருக்கிறார்.

"வீட்டத் தேட வேண்டாம் சார். அந்தம்மா கோவிலச் சுத்திக்கிட்டு இருப்பாவ."

கிளம்புமுன் அவர் செய்த காரியம்தான் எனக்கு அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தாலுகா ஆஸ்பத்திரி பிரசவ வார்டைக் கூப்பிட்டு, ஒரு பிள்ளை வரும், பேரு கோமதி, ஒன்பதாம் மாதம், பிரஷர் ஏறியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லி வையுங்கள் என்றார். எப்போது வருவாள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். "தெரியாது, இன்னும் தேடல" என்றார். கண்டுபிடிக்காத ஆளுக்குக் கட்டில் சொல்லிவைக்கிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. திருவிழாவுக்காகக் கோவில் தெருமுனையில் நிற்கும் ஆம்புலன்ஸ்காரரிடமும் சொல்லியாயிற்று.

நான் என் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"என் வண்டியில போவோம். நான் ஓட்டுதேன். நீங்க பின்னால உக்காந்து விக்குங்க."

அந்த ஸ்கூட்டர் பயணம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள், ஒவ்வொன்றும் மூன்று கையை விரித்து, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கரிசல் காடு உழுது காயப்போட்ட கம்பளி மாதிரி கிடந்தது. மேலே மேகத்தின் நிழல் எங்களோடு கொஞ்ச தூரம் கூடவே ஓடி, சலித்துப்போய் காட்டுக்குள் இறங்கிற்று. அந்த மத்தியானத்தில் உலகத்தில் எதற்குமே அவசரமில்லை, என் நெஞ்சுக்குழியைத் தவிர.

சங்கரன்கோவிலில் கொடியேறி மூன்றாம் நாள். கோவிலுக்குள் ஜனங்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, அந்தச் சுற்று ஒரு தனி மாதிரி. யாரும் யாரோடும் பேசுவதில்லை. உதடு எண்ணிக்கையை முணுமுணுக்க, கால் தானாகப் போகிறது. மஞ்சள் சேலையும் ஈர வேட்டியுமாக ஒரு மெல்லிய ஆறு மாதிரி அது வளைந்து வளைந்து வந்துகொண்டே இருந்தது.

நான் அதில் குதித்தேன். செருப்பைக் கழற்றி எங்கேயோ விட்டுவிட்டு, கூட்டத்தோடு ஓட ஆரம்பித்தேன். முன்னால் போகிறவர்களை முந்தி முந்தி, ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்து, "கோமதி, கோமதி" என்று கூப்பிட்டேன்.

கோமதி அம்பாள் சந்நிதியில், ஆடி மாதத்தில், கோமதி என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஊரில் பாதிப் பெண்களுக்கு அதே பெயர். நாற்பது பேர் திரும்பினார்கள். இரண்டு பாட்டையாக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு தாயே என்றார்கள். ஒரு பூக்காரர் மட்டும் என் சட்டையைப் பிடித்து, "என்னவே, அம்மாளப் பேரு சொல்லி அதட்டுதீரு" என்றார். விக்கலோடு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஓடினேன். இரண்டு முழுச் சுற்று ஓடியிருப்பேன். மூன்றாவதில் ஒரு தூணருகே யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். நர்ஸம்மா. அவர் வந்ததிலிருந்து அதே இடத்தில்தான் நின்றிருக்கிறார், சுற்று திரும்புகிற மூலையில், வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தபடி.

"சுத்துறவங்க பின்னால நாமளும் சுத்துனா, அவங்க முதுகுதான் தெரியும் சார். நில்லுங்க. வந்துருவாங்க."

நின்றேன். என் பணிக்காலத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான், அந்தத் தூணருகே கால் மணி நேரம் சும்மா நின்றது. ஓடும்போது ஏதோ செய்கிறோம் என்று இருக்கும். நின்றால் பயம் முழுசாகத் தெரியும். முகங்கள் வந்தன, கடந்தன, கொஞ்ச நேரத்தில் அதே முகங்கள் திரும்ப வந்தன. மூக்குத்தி போட்ட பெண், குழந்தையைத் தோளில் போட்டவர், கண்ணைத் திறக்காமலே நடக்கிற கிழவர். ஒரு கட்டத்தில் தூணும் நானும்தான் சுற்றுகிறோம், அவர்கள் நிற்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் கோமதி வந்தாள். அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கை நிறைய வளையல். முகம் உப்பி, இமை தடித்து, தூக்கத்தில் நடப்பவள் மாதிரி மெல்லச் சிரித்துக்கொண்டே வந்தாள். நர்ஸம்மாவைக் கண்டதும் சிரிப்பு கூடிற்று.

"அக்கா, காலையிலருந்து கண்ணு முன்னால மின்மினி பறக்க மாதிரியே இருக்கு. பகல்லயே. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா."

அம்மாவுக்குப் பூரிப்பு. அம்பாள் காட்டுகிற வெளிச்சம் என்று சொன்னார். தலை வலிக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டார். லேசாக வலிக்கிறது என்றாள் கோமதி. உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த மின்மினிகளுக்குப் பின்னால் என்ன வரும், அது வந்தால் எத்தனை உயிர் போகும் என்று உங்கள் பாடத்தில் இருக்கிறது. தூணடியில் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தார். கருவியில் வந்த எண்ணை எனக்கு மட்டும் காட்டிவிட்டு உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அந்த எண்ணைக் கண்டதும் விக்கலே ஒரு நொடி நின்றுவிட்டது. அதற்கும் பயம் வந்திருக்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அந்த அம்மா முந்தியை விரித்துக் காட்டினார். புளியங்கொட்டைகள். நூற்றெட்டு கட்டிக்கொண்டு வந்து, சுற்றுக்கு ஒன்றாகக் கழித்து, மூன்று நாளாகச் சுற்றுகிறார். கடைசிச் சுற்றுகளுக்கு மகளையும் கூட்டிவந்தால் நல்லது என்று யாரோ சொன்னதால் இன்றைக்கு அவளும் வந்திருக்கிறாள்.

"இன்னும் பதினேழுதான் அண்ணாச்சி. முடிச்சுட்டு வாரோம். பாதியில விட்டா அம்மா கோவிப்பா."

நான் மேற்பார்வையாளர் குரலில் ஆரம்பித்தேன். இரத்த அழுத்தம், வலிப்பு, தாய் மரணம், துறை விதிகள். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் கடைச் சட்டர் மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. மகள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் கூட்டத்துக்குள் போயிருப்பார்கள்.

நர்ஸம்மா என் முன்னால் வந்து நின்றார். அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேண்டுதலில் மிச்சத்தை வேறு ஆள் சுற்றலாமா? அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, சொந்தக்காரர் சுற்றலாம், கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்றார்.

"அப்பம் சார் சுத்துவாரு. கோமதிக்கு இவரு மாமா முறைன்னு வச்சுக்கிடுங்க. மருமகளப் பதினோரு நாளா தேடாம விட்டவரு. அவருக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு."

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, வெறுங்கால், விக்கல். திருப்தியில்லைதான். கோமதி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா, தல வலிக்கும்மா" என்றாள். அவர் குனிந்து பதினேழு கொட்டைகளையும் ஒவ்வொன்றாக என் கையில் எண்ணிப் போட்டார்.

"ஒரு சுத்துக்கு ஒண்ணு. கூடவும் கூடாது, கொறயவும் கூடாது. முடிச்சதும் இந்தம்மா போனுக்குச் சொல்லணும். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

நானும் கூட வருகிறேனே, அங்கே டாக்டரிடம் பேச ஆள் வேண்டாமா என்று நர்ஸம்மாவின் காதில் சொன்னேன். அங்க எல்லாம் சொல்லியாச்சு, இங்க இருக்கதுதான் உங்க வேல என்றார். மூன்று பேரும் தெருமுனை ஆம்புலன்ஸைப் பார்க்கப் போனார்கள். நான் நடக்க ஆரம்பித்தேன்.

முதல் சுற்றில் ஆறு விக்கல். இரண்டாவதில் நாலு. கொட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகப் பேன்ட் பைக்கு மாற்றினேன். மூன்றாவது சுற்றில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, தூரத்தில் மெலிந்து போயிற்று. கால் கல்லில் தேய்ந்து எரிந்தது. அம்பாள் என் கால்வலியை வாங்கிக்கொள்ளவில்லை. துறை ஆட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது போல.

ஐந்தாவதில் பழைய புத்தி மெல்ல எட்டிப் பார்த்தது. யார் பார்க்கிறார்கள்? அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். இரண்டு கொட்டையைச் சேர்த்து மாற்றிவிட்டால் இன்னும் ஆறேழு சுற்றில் வேலை முடிந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கும், பை சரியாக இருக்கும், எல்லாம் பச்சையாக இருக்கும். கை பைக்குள் போய் இரண்டு கொட்டையைத் தொட்டுக்கூட விட்டது. அந்த இடத்தில்தான், அந்தத் தூணருகில்தான், எனக்கு என் வரைபடம் முழுசாக விளங்கிற்று. அந்தப் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் நான் இப்படி இரண்டிரண்டாகத்தான் மாற்றியிருக்கிறேன். ஒரு கொட்டையை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்தேன்.

ஒன்பதாவது சுற்றில் போன் அடித்தது. வளைகுடாவிலிருந்து கோமதி புருஷன். கிடைத்தாளா என்றான். கிடைத்தாள், நர்ஸம்மாவும் உன் அத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், மின்மினி தெரிகிறது என்றாள், டாக்டர் தயாராக இருக்கிறார் என்று, ஆச்சரியம், ஒரு விக்கலும் இல்லாமல் சொன்னேன்.

"நீங்க எங்க சார் இருக்கிய?"

"நான் கோவிலச் சுத்துதேன்."

எதற்கு என்று கேட்காமல், எத்தனை பாக்கி என்று கேட்டான். எட்டு என்றேன்.

"சுத்துங்க சார். நான் லைன்லயே இருக்கேன். லாரிய ஓரமா போட்டிருக்கேன்."

போனைச் சட்டைப் பையில், மிச்சக் கொட்டைகளோடு போட்டுக்கொண்டு நடந்தேன். மணிச் சத்தமும், வளையல் சத்தமும், காற்றும், நூற்றுக்கணக்கான வெறுங்கால்களின் சத்தமும் அவனுக்குக் கேட்டிருக்கும். எனக்கு அவன் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ ஒரு மணல்வெளியில் ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, சங்கரன்கோவிலைச் சுற்றிக்கொண்டிருந்தான். வெயில் மஞ்சளாகி மதில் ஏறிற்று. மயக்கமா, பசியா, என்னவோ, என் கால் தரையில் படாத மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பையைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்வேன். அவன் "ம்" என்பான்.

பதினேழாவது முடிந்ததும் அவனிடம் சொல்லிவிட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். முடிச்சாச்சு என்றேன். அந்தப் பக்கம் அந்த அம்மாவின் குரல், "பதினேழுமா?" நர்ஸம்மா கேட்டார், "பதினேழுமா சார்?" பதினேழும் என்றேன்.

"இங்கயும் வந்து சேர்ந்தாச்சு சார். ஊசி போட்டாச்சு, பிரஷர் இறங்குது. திருநெல்வேலிக்கு அனுப்புதாங்க, நான் கூடப் போறேன். அங்க போய் இறங்குனதும் சொல்லுதேன்."

சொன்னார். பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கினதும் சொன்னார், வார்டில் ஒப்படைத்ததும் சொன்னார், மறுநாள் காலை பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு, அம்மாவும் பிள்ளையும் நலம் என்றும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் வளைகுடாவுக்குச் சொன்னேன். மாமியாருக்கும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. அந்த எலுமிச்சைச் சாதம் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட்டால் போய்ச் சேர்ந்தியா என்று கேட்காத வீடு நம் ஊரில் உண்டா? பேரேட்டில் மட்டும் ஏன் கேட்பதில்லை? நர்ஸம்மா அந்தக் கூட்டத்தில் கேட்டது இதைத்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் வரைபடத்தை இறக்கி, அந்தப் பச்சைகளை என் கையாலேயே அழித்தேன். இனி அனுப்பின நர்ஸ் கட்டத்தை மூடக்கூடாது. வாங்கிக்கொண்ட நர்ஸ் போன் போட்டு, வந்து சேர்ந்தாச்சு, நான் பார்த்தாச்சு என்று தன் பெயரைச் சொன்ன பிறகுதான் பச்சை. அதுவரை அவள் இரண்டு பேருக்கும் சொந்தம். சீட்டு என் மேஜைக்கு வர வேண்டியதில்லை, நேராகப் போகட்டும். அந்த மாதம் வரைபடம் முழுக்க மஞ்சள் பூத்தது. கை குலுக்கின அதே அதிகாரி நிற்கவைத்துக் கேட்டார். நான் நின்று பதில் சொன்னேன். விக்கல் வந்தது, மறைக்கப்போவதில்லை. ஆனால் மஞ்சளைப் பச்சையாக்கவில்லை.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது.

ஆவணியில் அந்த அம்மா பேத்தியையும் தூக்கிக்கொண்டு, கோமதியோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். நர்ஸம்மாவும் கூட வந்திருந்தார். குழந்தையைக் காட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அந்த அம்மா குழந்தையைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, என் மேஜைக்கு நேராக வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"கொட்டைய எண்ணித் தாங்க அண்ணாச்சி."

அன்றைக்கு உடுத்தியிருந்த சட்டையையும் பேன்டையும், பையிலிருந்த கொட்டைகளோடு பொட்டலமாகக் கட்டி அலமாரியில் வைத்திருந்தேன், துவைக்காமல். ஏன் வைத்தேன் என்று தெரியாது. எடுத்து, ஒவ்வொன்றாக அவர் கையில் போட்டேன். அவர் உதடு அசைந்தது. பதினான்கு, பதினைந்து, பதினாறு. பை காலி.

அவர் கையை மடக்கவில்லை. நர்ஸம்மா என்னைப் பார்த்தார். கோமதி என்னைப் பார்த்தாள். குழந்தை கூடப் பார்த்த மாதிரிதான் இருந்தது. விக்கல் கிளம்பிற்று. சத்தியமாகப் பதினேழு சுற்றினேன் அம்மா, உங்கள் மருமகன் சாட்சி, லைனில் இருந்தான் என்று விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டே பேன்ட் பையை வெளியே இழுத்துப் புரட்டினேன். அடித்தையலின் ஓட்டைக்குள் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. நகத்தால் நோண்டி எடுத்தேன்.

"பதினேழு" என்றார் அந்த அம்மா. கையை மடக்கி, கொட்டைகளை முந்தியில் முடிந்துகொண்டார். அப்புறம்தான் குழந்தையை வாங்கி என் கையில் கொடுத்தார்.

நர்ஸம்மா கொண்டையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்பம் பச்சை போட்டுக்கிடுங்க சார்."